இடைவெளி விடாத அரண்: வோபானின் வாழ்வு

குளக்கட்டு ஒன்று ஒரு மைல் நீளமுடையதாக இருக்கலாம். அதில் மூன்று முழ அகலத்தில் உடைப்பெடுத்துவிட்டால், எஞ்சிய கட்டு எவ்வளவு உறுதியாக நின்றாலும் கீழேயுள்ள வயல்களுக்கு அதனாற் பயனில்லை. போர்க்களத்தில் நிற்கும் காவல் வரிசைக்கும் இதுவே விதி. பகைவன் வரிசை முழுவதையும் வெல்லவேண்டியதில்லை. புகுவதற்கு ஒரு வாயில் கிடைத்தாற் போதும். புகுந்தவன் இடமும் வலமும் திரும்பி, முன்னோக்கி நிற்கும் வீரரைப் பின்னிருந்து தாக்குவான். அதுவரை வலிமையாக இருந்தது அந்தக் கணமே பொறியாக மாறிவிடும்.

இந்த எளிய உண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் கல்லாலும் மண்ணாலும் எழுதிக் காட்டிய ஒருவரைப் பற்றியே இங்கு கூறப் புகுகின்றேன். அவர் பெயர் செபஸ்தியன் லெ பிரெத்ர் த வோபான். பதினான்காம் லூயி மன்னனின் படைப் பொறியியலாளராக விளங்கி, இறுதியில் பிரான்சின் மார்ஷல் பதவியும் பெற்றவர். நம் புறப்பொருள் இலக்கணம் மதிலை வளைப்போருக்கு உழிஞைப் பூவையும், மதிலைக் காப்போருக்கு நொச்சிப் பூவையும் வகுத்துக் கொடுத்திருக்கின்றது. அவ்விரு பூக்களையும் ஒருவரே சூடி, இரண்டிலும் தம் காலத்தில் ஒப்பாரின்றி நின்றது வரலாற்றில் அரிது. வோபான் அவ்வாறு நின்றார். ஆயினும் நான் அவரைத் தேர்ந்துகொண்டமைக்கு அது மாத்திரம் காரணமன்று. நாட்டின் எல்லையெங்கும் அரண் செய்தவர், அரணுக்கு உள்ளேயே பெரியதோர் உடைப்பைக் கண்டார். அதைச் சொல்ல அஞ்சாத அவரது நெஞ்சுரமே என்னைக் கவர்ந்தது.

வோபான் 1633-ம் ஆண்டு மே மாதத்தில், பேர்கண்டிப் பகுதியின் மோர்வான் மலைநாட்டிலுள்ள செயின் லெஜே என்னும் சிற்றூரிற் பிறந்தார். குடும்பம் பிரபுக் குடும்பமென்று பெயர். செல்வம் பெயரளவிலும் இல்லை. குடியானவர் பிள்ளைகளோடு கலந்து வளர்ந்தமையால், வறியவர் வீட்டு அடுப்பு எத்தனை நாள் எரியும், எத்தனை நாள் எரியாதென்பதை இளமையிலேயே அறிந்துகொண்டார். கணிதமும் வரைகலையும் ஓரளவு கற்றபின், 1651-ம் ஆண்டில், பதினெட்டாவது வயதிற் படையிற் சேர்ந்தார்.

அவர் சேர்ந்தது அரசனின் படையிலன்று. அரசனுக்கு எதிராகக் கிளர்ந்த கொந்தே இளவரசரின் படையில். 1652-ல் செயின் மெனெகூல் என்னும் கோட்டை நகரைக் கிளர்ச்சிக்காரர் கைப்பற்றியபோது அவர்களுள் ஒருவராக நின்றார். மறு ஆண்டு அரச படையினர் அவரைச் சிறைப்பிடித்தனர். முதலமைச்சர் கர்தினால் மசரீன் அவ்விளைஞரின் அறிவைக் கண்டு, தண்டியாது, அரசன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதே ஆண்டிலேயே அதே செயின் மெனெகூலை அரசனுக்காக மீட்ட முற்றுகையில் வோபான் பணிபுரிந்தார். ஒரே மதிலை இரண்டு ஆண்டுகளில் இரண்டு கொடிகளின் கீழ் நின்று தாக்கியவர், அம்மதிலின் குற்றங்களைப் பிறரைவிட நன்கு அறிந்திருப்பாரென்பதில் ஐயமென்ன? 1655-ல் அவர் அரசனின் பொறியியலாளராக நியமனம் பெற்றார்.

அவர் செய்த தொழிலை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், மதில் ஒன்றின் குருட்டிடம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழைய காலத்துக் கோட்டைகளில் வட்டமான கோபுரங்கள் இருந்தன. கோபுரத்தின் அடிக்கு நேர் முன்னே, இருபுறத்துக் காவலரின் கண்ணுக்கும் அம்புக்கும் எட்டாத சிறு நிலப்பகுதி ஒன்று எப்போதும் எஞ்சிவிடும். பகைவன் அங்கே வந்து ஒதுங்கிவிட்டால், மதிலின் அடியைக் குடைந்து வெடிமருந்து வைப்பதற்கு அவனுக்கு அவகாசம் கிடைக்கும். மதில் கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தோன்றினும், காவல் அவ்விடத்தில் அறுந்தே கிடந்தது.

இக்குறையைப் பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியப் பொறியியலாளர்கள் நீக்கினர். வட்டக் கோபுரத்தை விட்டு, கூர்முனையுடைய கொத்தளங்களை அமைத்தனர். ஒரு கொத்தளத்தின் முகத்தை அடுத்த கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்து சுடலாம்; அதன் முகத்தை இதிலிருந்து சுடலாம். எந்தக் கொத்தளமும் தன்னைத் தானே காப்பதில்லை. ஒவ்வொன்றையும் அதன் அயலதே காக்கின்றது. ஒல்லாந்தர் 1658-ல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கட்டிய ஐங்கோணக் கோட்டையை நேரிற் பார்த்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வோபானுக்கும் அக்கோட்டைக்கும் தொடர்பில்லை; ஆயினும் அதன் ஐந்து கொத்தளங்களும் இதே கலையின் குழந்தைகளே.

ஆகவே கொத்தளத்தைக் கண்டுபிடித்தவர் வோபான் அல்லர். அவர் செய்தது வேறு. கொத்தளங்களுக்கு இடைப்பட்ட தூரம் துவக்குக் குண்டு சென்றெட்டும் தூரத்தை மீறலாகாதென்று கணக்கிட்டார். குன்றுக்கு ஒரு வடிவம், சதுப்பு நிலத்துக்கு ஒரு வடிவம், கடற்கரைக்கு ஒரு வடிவம் என, நிலத்தின் இயல்பைக் கேட்டே மதிலின் கோட்டை வரைந்தார். ஏட்டிலுள்ள வடிவத்தை நிலத்தின்மேல் வலிந்து திணித்தவரல்லர். 1667-ம் ஆண்டுப் போரில் தூவே நகர முற்றுகையில் இடது கன்னத்திற் குண்டடிபட்டார். அவ்வடு இறுதிவரை அவர் முகத்தில் இருந்தது. அவ்வாண்டிலேயே லீல் நகரம் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அங்கே ஐந்து கொத்தளங்களோடு அவர் எழுப்பிய உட்கோட்டை 1670-ல் நிறைவெய்தியது. பின்வந்தோர் அதனைக் கோட்டைகளின் அரசி என்றழைத்தனர்.

காக்கும் கலையிற் பெற்ற இவ்வறிவை, தாக்கும் கலைக்குத் திருப்பியதே அவரது பெருஞ்சாதனை. அக்காலத்தில் மதிலை நெருங்குவோர் தனித்தனிப் பள்ளங்களாக வெட்டிக்கொண்டு முன்னேறினர். கோட்டைக்குள் இருப்போர் திடீரென வெளிப்பட்டுப் பள்ளத்தின் முனையில் நின்ற சிலரை வெட்டிச் சாய்த்துவிட்டு மீள்வர்; பின்னாலிருப்போர் உதவிக்கு வருமுன் எல்லாம் முடிந்துவிடும். முற்றுகையிடுவோரின் வரிசை தொடர்பறுந்து கிடந்ததே இதற்குக் காரணம்.

1673-ம் ஆண்டில் மாஸ்திரிக்ட் நகரின் முன்னே வோபான் இதற்கு முடிவு கட்டினார். கோட்டையின் பீரங்கிகள் நன்கு தாக்கவியலாத தொலைவில், ஏறத்தாழ 600 யாருக்கு அப்பால், மதிலுக்கு இணையாக நீண்ட பள்ளமொன்றை வெட்டுவித்தார். அதிலிருந்து வளைந்து வளைந்து செல்லும் வழிகளால் முன்னேறி இரண்டாவது இணைப் பள்ளம். மீண்டும் முன்னேறி, மதிற்புறச் சரிவின் அடியில் மூன்றாவது. ஒவ்வொரு பள்ளமும் ஒரு பெரும் படைப்பிரிவு தோளோடு தோள் நிற்குமளவுக்கு அகலமும் நீளமும் உடையது. எந்த இடத்திற் கோட்டைக் காவலர் வெளிப்பட்டாலும், அவ்விடத்தில் அவர்களை எதிர்கொள்ள ஒரு முழு வரிசை ஆயத்தமாக இருந்தது. நகரம் இரண்டு வாரத்துக்குள் வீழ்ந்தது. தாக்குவோனுக்கும் அறாத காவல் வரிசை வேண்டுமென்பதை அவர் இவ்வாறு நிறுவினார். பின்வந்த ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பியப் படைகள் அம்முறையையே பின்பற்றின.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். வோபான் மண்ணை வெட்டுவித்தது மனித உயிரைக் காப்பதற்காகவே. 1677-ல் காம்பிரே முற்றுகையில், அவர் தடுத்தும் கேளாது, வெளியரண் ஒன்றை அவசரப்பட்டுத் தாக்கினர் படைத்தலைவர் சிலர். பலர் மாண்டனர், பிடித்த இடமும் கைவிட்டுப் போயிற்று. பின்னர் வோபான் தமது முறைப்படி மெல்ல நெருங்கி, மிகச் சிறிய இழப்போடு அதைக் கைப்பற்றினார். அதே ஆண்டில் வலென்சியேன் நகரை இருளில் தாக்கவேண்டுமென மார்ஷல்கள் எல்லாரும் வாதிட்டபோது, பகலிலேயே தாக்கவேண்டுமென அவர் தனித்து நின்றார். இருளில் வீரர் தம்மவரையே சுடுவரென்பதும், விடியற் காலையிற் காவலர் களைத்திருப்பரென்பதும் அவர் கூறிய நியாயங்கள். அரசன் அவர் சொல்லை ஏற்றான்; நகரம் அதிக இரத்தம் சிந்தாது வசமாயிற்று.

இனி அவரது பேரெண்ணத்துக்கு வருவோம். 1673-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் போர் அமைச்சர் லூவுவாவுக்கு ஒரு மடல் எழுதினார். அன்றைய வட எல்லையில் பிரெஞ்சுக் கோட்டைகளும் ஸ்பானியக் கோட்டைகளும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. நம்மூர்ப் பங்குக் காணிகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இவருடைய துண்டுக்கு நடுவே அவருடைய துண்டு, அதற்கப்பால் மீண்டும் இவருடையது. இத்தகைய காணிக்கு வேலியடைப்பது எங்ஙனம்? எத்தனை கதியால் நாட்டினாலும் அயலவன் மாடு உள்ளேயே நிற்கும். அரசன் முதலில் தன் வயலைச் சதுரமாக்கிக்கொள்ள வேண்டுமென்று வோபான் அறிவுறுத்தினார். உடன்படிக்கையாலோ போராலோ தூரத்துத் துண்டுகளை விட்டுக்கொடுத்து, அருகிலுள்ளவற்றைப் பெறவேண்டும், பிறகே வேலி.

வெற்றி மயக்கத்திலிருந்த அரசவைக்கு, கைப்பற்றிய நகரை விட்டுக்கொடுக்கச் சொல்வது இனிக்கும் செய்தியன்று. ஆனால் 1678-ல் நைமேகன் உடன்படிக்கை ஏற்பட்டபோது அவ்வெண்ணமே பெரும்பாலும் நிறைவேறிற்று. பகைவர் நிலத்துக்குள் நீண்டு கிடந்த சார்லெறுவா, ஆத், ஊதனார்ட், கூர்த்ரே ஆகியவை ஸ்பானியாவுக்குத் திரும்பின. வலென்சியேன், காம்பிரே, ஈப்ர் முதலியவை பிரான்சுக்காயின. அவ்வாண்டிலேயே வோபான் நாட்டின் அரண்களுக்கெல்லாம் தலைமை ஆணையாளரானார்.

அதன்பின் அவர் வகுத்தது இரண்டு வரிசை. முதல் வரிசை டன்கேர்க் கடற்கரையிற் தொடங்கி, ஈப்ர், லீல், தூர்னே, வலென்சியேன், மோபேஜ் வழியாக மியூஸ் ஆற்றங்கரைத் தினான் வரை சென்றது. இரண்டாவது அதன் பின்னே கிராவ்லீன், செயின் ஒமேர், அராஸ், தூவே, காம்பிரே, லாந்த்ரசி, ரொக்குருவா என்று தொடர்ந்தது. போருக்கு அணிவகுத்து நிற்கும் படையைப் போலவே கோட்டைகளும் முன்னணி பின்னணியாக நின்றன.

இது சீனத்து நெடுமதிலைப் போன்ற ஒரே சுவரன்று. கோட்டைகளுக்கிடையே வெளிகள் இருந்தன. ஆயினும் அவ்வெளிகளை ஆறுகளும் வாய்க்கால்களும் வெள்ளத்தில் ஆழ்த்தக்கூடிய தாழ்நிலங்களும் அடைத்தன. அவற்றைக் கடந்து ஒரு படை உட்புகுந்தாலும், பின்னே விட்டுச் சென்ற கோட்டையின் காவலர் வெளிப்பட்டு அதன் உணவு வண்டிகளையும் வெடிமருந்து வண்டிகளையும் வெட்டிவிடுவர். எனவே பகைவன் ஒவ்வொன்றாக முற்றுகையிட்டே வரவேண்டும். கொத்தளம் கொத்தளத்தைக் காப்பதுபோலக் கோட்டை கோட்டையைக் காத்தது. தொடர்ச்சியென்பது கல்லில் இருக்கவேண்டியதில்லை, ஒன்றுக்கொன்று செய்யும் உதவியில் இருந்தாற் போதும் என்பதே வோபானின் முடிபு. அதனாலேதான், வேண்டாத கோட்டைகளை இடித்துவிடவேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். கோட்டைகள் மிகுந்தால் காவலர் சிதறுவர். களத்தில் நிற்கப் படை இராது.

நாற்பது ஆண்டுகளாக அவர் ஓயவில்லை. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இடங்களின் அரண்களைத் திருத்தினார். ஏறத்தாழ முப்பது கோட்டைகளைப் புதிதாக எழுப்பினார். ஏறத்தாழ ஐம்பது முற்றுகைகளை நடத்தினார். முன்னொன்றும் பின்னொன்றுமாகக் கோவேறு கழுதைகள் சுமந்த பல்லக்கிலிருந்து, வழிநெடுக எழுதியும் வரைந்தும் நாடு முழுவதையும் சுற்றினார். 1660-ல் மணந்த மனைவி அவரை வீட்டிற் கண்ட நாட்கள் சிலவே. 1694-ல் ஆங்கிலரும் ஒல்லாந்தரும் பிரெஸ்ட் துறைமுகத்தருகே காமரே கடற்கரையில் இறங்கியபோது, அவரே காவலுக்குத் தலைமை தாங்கி முறியடித்தார். 1698-ல் ரைன் நதியோரம் நூவ் பிரிசாக் என்னும் எண்கோண நகரைத் தொடங்கினார். அதுவே அவரது கைவண்ணத்தின் முதிர்ச்சி.

நாடெங்கும் திரிந்த அக்கண்கள் மதிலை மாத்திரம் பார்க்கவில்லை. குறைந்த விலை கேட்போருக்கே கட்டட வேலையைக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டித்து, 1683-ல் லூவுவாவுக்கு எழுதினார். அவ்வழக்கத்தால் வேலை பாதியில் நிற்கும், சாந்து கெடும், கூலியாட்கள் ஏமாற்றப்படுவர், ஈற்றிற் செலவு இரட்டிக்கும் என்று எடுத்துக்காட்டி, நியாயமான விலை கொடுத்து நேர்மையானவரை அமர்த்தும்படி கேட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும் அம்மடலுக்கு வயதாகவில்லை.

1685-ல் லூயி மன்னன் நாந்த் கட்டளையை நீக்கி, புரொட்டஸ்தாந்தரின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். கத்தோலிக்கரான வோபான் 1689-ல் அதற்கெதிராக விண்ணப்பம் எழுதினார். எண்பதினாயிரம் முதல் ஓர் இலட்சம் வரையான மக்கள் நாட்டைவிட்டு ஓடினரென்றும், அவர்களோடு எட்டு ஒன்பதினாயிரம் மாலுமிகளும், பத்துப் பன்னிரண்டாயிரம் போர்வீரரும், ஐந்நூறு அறுநூறு அதிகாரிகளும் பகைவரிடம் சென்றனரென்றும் அவர் கணக்கிட்டார். அரசர்கள் மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் அதிபதிகள். அவர்களுடைய உள்ளத்தின் நம்பிக்கைக்கு அல்லர் என்பது அவர் வாதம். வேலியைத் தாமே பிரித்து அயலவனுக்குக் கொடுத்துவிட்ட செயலாகவே அதைக் கண்டார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

1703-ல் மார்ஷல் பதவி வந்தது. பதவி வந்தபின் போர்க்களப் பணி குறைந்தது. மற்றொரு பணி வளர்ந்தது. பல்லாண்டாகத் திரட்டிய கணக்குகளைக் கொண்டு அவர் அரசனின் பத்திலொரு பங்கு வரி பற்றிய நூலை எழுதி முடித்தார். நாட்டு மக்களைப் பத்துப் பங்காக்கினால், ஏறத்தாழ ஒரு பங்கினர் பிச்சையெடுக்கின்றனர். ஐந்து பங்கினர் அவர்களுக்குப் பிச்சையிடவும் இயலாத நிலையிலுள்ளனர். மூன்று பங்கினர் கடனிலும் வழக்கிலும் அல்லற்படுகின்றனர். எஞ்சிய ஒரு பங்கிலும் நன்கு வாழ்பவர் சிலரே என்பது அவர் கண்ட கணக்கு. இவ்வளவும் இருக்க, பிரபுக்களும் குருமாரும் முதன்மையான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். விலக்குகள் அனைத்தையும் ஒழித்து, வருவாய்க்கு ஏற்ப எல்லாரிடமும் இருபதிலொரு பங்குக்குக் குறையாமலும் பத்திலொரு பங்குக்கு மேற்படாமலும் பெறவேண்டுமென்று அவர் திட்டம் வகுத்தார்.

இதிலும் அதே பொறியியலாளரின் மூளையைக் காண்கின்றேன். விலக்குப் பெற்ற ஒவ்வொருவனும் வரிசையில் ஓர் இடைவெளி. அவன் தாங்கவேண்டிய சுமை அயலில் நிற்கும் ஏழையின் தோளில் விழுகின்றது. அவன் சாய்ந்தால் வரிசை முழுவதும் சாயும். 1707-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நூலை அனுமதியின்றி அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்கினார். பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அரச சபை அதைத் தடைசெய்து பறிமுதலுக்கு ஆணையிட்டது. மார்ச் 30-ந் திகதி, மார்புச் சளியும் காய்ச்சலும் முற்றிப் பாரிஸ் நகரிற் காலமானார். துயரத்தால் இறந்தாரென்று பின்னர் சிலர் எழுதினர். எழுபத்துமூன்று வயதினரான நோயாளிக்கு நோய் ஒன்றே போதும். ஆயினும் தம் இறுதி அரணை அரசனே இடித்தான் என்பதை அறிந்தே கண்ணை மூடினார்.

அவர் கட்டிய மற்றைய அரண் என்னவாயிற்று? 1708-ல் மால்பரோவும் இளவரசர் யூஜீனும் லீலை வளைத்தனர். ஆகஸ்டில் தொடங்கிய முற்றுகை உட்கோட்டை பணிந்த டிசம்பர் வரை இழுத்தது. பின்னர் தூர்னே, தூவே, பெத்தூன், ஏர் என்று ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பகைவர் காலத்தையும் உயிரையும் விலையாகக் கொடுத்தனர். இடையில் பிரெஞ்சுத் தளபதி வில்லார் மண்மேடும் ஆறும் சதுப்பும் இணைந்த மிக நீண்ட தொடர்வரிசை ஒன்றை அமைத்து, அதைத் தாண்டவியலாதென்று இறுமாந்திருந்தார். 1711 ஆகஸ்டில் மால்பரோ அவரை வேறிடத்துக்கு ஈர்த்துவிட்டு, இரவோடிரவாக நடந்து, காவலற்ற ஓரிடத்தில் ஏறத்தாழ உயிர்ச்சேதமின்றிக் கடந்துவிட்டார். பார்வைக்கு அறாத வரிசை, ஆளில்லாத இடத்தில் அறுந்தது. ஆனால் கோட்டைகளின் இரட்டை வரிசை அவ்வாறு ஓரிரவில் அறவில்லை. அது வாங்கிக் கொடுத்த காலத்தைப் பயன்படுத்தியே வில்லார் 1712 ஜூலையில் தெனேன் களத்தில் வென்றார். 1713-ம் ஆண்டு உடன்படிக்கையில் லீல் பிரான்சுக்கே மீண்டது.

1940-ம் ஆண்டில், அதே நாடு கொங்கிறீற்றால் எழுப்பிய மஜினோ வரிசையை எதிரி நேரே மோதி உடைக்க முயலாமல், அதற்கு வடமேற்கே ஆர்தென் காடுகளினூடே வந்து, செதானில் மியூஸ் ஆற்றைக் கடந்தான். வரிசை வலிமையாகவே இருந்தது. அது முடிந்த இடத்திலிருந்து தொடரவேண்டிய துணைதான் இல்லை. வோபானைக் கல்லளவிற் கற்று, கருத்தளவிற் கல்லாமையின் பயன் அது.

1808-ல் நெப்போலியன் வோபானின் இதயத்தைப் பாரிஸ் இன்வலீத் ஆலயத்துக்குக் கொணர்வித்தான். 2008-ல் அவரது அரண்களுட் பன்னிரண்டு தொகுதிகளை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. புகழுக்குக் குறைவில்லை. ஆனால் திருவள்ளுவர் அரணைப் பற்றிப் பத்துக் குறள் பாடி, இறுதிக் குறளில், செயலாற்றும் சிறப்பில்லாதாரிடத்து எவ்வரணும் அரணாகாதென்று முடித்ததையே நான் எண்ணுகின்றேன். அந்த முடிபைத் தாம் கட்டிய மதில்களின் மேல் நின்றே கண்டவர் வோபான். பசித்தவனையும் துரத்தப்பட்டவனையும் உள்ளே வைத்துக்கொண்டு எல்லையில் எழுப்பும் சுவர் எத்துணை உயர்ந்ததாயினும், அந்த வரிசையில் இடைவெளி உண்டு. அவர் இறந்து எண்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1789-ல், பிரான்சின் முடியாட்சியைச் சாய்த்த வெள்ளம் எல்லைக் கோட்டைகள் எதனையும் கடந்து வரவில்லை. அது நாட்டின் உள்ளிருந்தே புறப்பட்டது.